எம்எம்ஏ பந்தயம்: சண்டைக்கு முன்பே நகரும் எண்கள் சொல்வது என்ன? - ஓர் அலசல்

புது தில்லி: தென் கொரியத் தலைநகர் சியோலில் 2015 நவம்பர் 28 அன்று நடைபெற்ற யுஎஃப்சி போட்டியில், உள்ளூர் வீரர் பாங் தே-ஹியூன் அமெரிக்காவின் லியோ குன்ட்ஸை வென்றார். மூன்று நடுவர்களில் இருவர் அவர் பக்கமும் ஒருவர் எதிராளி பக்கமும் நின்றதால் மயிரிழையில் கிடைத்த வெற்றி அது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் அதே சண்டையின் பேரில் அவருக்குப் பத்து மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தோற்றுப்போவதற்காக அவர் 10 கோடி வோன், அதாவது அன்றைய மதிப்பில் 80 ஆயிரம் டாலருக்கும் மேற்பட்ட தொகையைக் கையூட்டாகப் பெற்றிருந்தார். அதில் பாதியை எதிராளியே வெல்வார் எனப் பந்தயமும் கட்டியிருந்தார். ஆனால் சண்டைக்குச் சற்று முன்பு குன்ட்ஸ் பக்கம் பணம் திடீரெனக் குவிந்ததையும், பந்தய விகிதங்கள் தலைகீழாகப் புரண்டதையும் கவனித்த யுஎஃப்சி அதிகாரிகள் எச்சரித்தனர். அச்சமுற்ற பாங், பேசிய பேச்சை மீறி உண்மையாகவே சண்டையிட்டு வென்றுவிட்டார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பர் 1 அன்று லாஸ் வேகாஸில் இதையொத்த காட்சி மீண்டும் அரங்கேறியது. ஐசக் டல்கேரியன் என்ற அமெரிக்க வீரரே யாதியெர் டெல் வாயேவை வெல்வார் எனச் சந்தை கருதியிருந்த நிலையில், சண்டைக்கு முந்தைய சில மணி நேரங்களில் பணம் மறுபக்கம் பாய்ந்தது. முதல் சுற்றிலேயே கழுத்தை நெரிக்கும் பிடியில் சிக்கி டல்கேரியன் தோற்றார். அதையடுத்து யுஎஃப்சி அவரை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்தது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயைத் தொடர்பு கொண்டதாக அதன் தலைவர் டேனா வைட் தெரிவித்தார். ஐயம் எழுந்தது என்பதை மட்டுமே இதைக் கொண்டு கூற இயலும். சந்தேகத்தைக் குற்றமாகக் கொள்ள இயலாது.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் பொதுவானது ஒன்றே. கூண்டின் கதவு சாத்தப்படுவதற்கு முன்பே எண்கள் பேசத் தொடங்கிவிட்டன. கலப்பு தற்காப்புக் கலைச் சண்டைகள் மீதான பந்தயம் எவ்வாறு இயங்குகிறது என்பதை முதன்முறையாக அறிய விரும்பும் ஒருவர் தொடங்க வேண்டிய இடமும் அந்த எண்கள்தாம்.

இந்தியாவில் ஏன் இந்தப் பேச்சு?

இந்தியாவில் இணையவழிப் பணப் பந்தயம் சட்டவிரோதம் என்பதை முதலிலேயே கூறிவிட வேண்டும். எனினும் யுஎஃப்சி போட்டிகள் சோனி ஸ்போர்ட்ஸ் அலைவரிசைகளில் இந்திய இல்லங்களை எட்டுகின்றன. உத்தராகண்டைச் சேர்ந்த அன்ஷுல் ஜுப்லி 2023 பிப்ரவரியில் 'ரோடு டு யுஎஃப்சி' தொடரை வென்று ஒப்பந்தம் பெற்றார். உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த பூஜா தோமர் 2024 ஜூன் 8 அன்று யுஎஃப்சியில் வெற்றி பெற்ற முதல் இந்தியர் என்ற பெருமையை அடைந்தார். ஆர்வம் செல்லும் இடமெங்கும் விளம்பரமும் பின்தொடர்கிறது. வெளிநாட்டுப் பந்தயத் தளங்கள் செய்தித் தளம் என்ற போர்வையில் மாற்று விளம்பரம் செய்வதைச் சுட்டிக்காட்டி மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 ஜூன் மாதத்திலும் அக்டோபரிலும் அறிவுறுத்தல்கள் வெளியிட்டது நினைவிருக்கலாம்.

அத்தகைய தளங்கள் தமிழிலும் 'தொடக்கநிலையாளர் கையேடு' வெளியிடுகின்றன. அவற்றை வாசிப்பது மொழிபெயர்ப்புத் துறையில் இருப்பவருக்குச் சற்று வேதனையான அனுபவம். பந்தய விகிதத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை இயந்திரம் 'முரண்பாடுகள்' என்று மாற்றிவிடுவதால், 'இன்றைய சிறந்த முரண்பாடுகள்' என்ற தலைப்பின் கீழ் வெறும் எண்கள் அணிவகுத்து நிற்கின்றன. வடஇந்தியச் சூதாட்டச் சந்தையினர் இதற்கு 'பாவ்', அதாவது விலை, என்ற சொல்லைப் பயன்படுத்துகின்றனர். சட்டவிரோதச் சந்தையின் சொல்லாயினும் பொருளளவில் அதுவே மிகச் சரியானது. ஏனெனில் பந்தய விகிதம் என்பது ஆரூடம் அன்று. ஒரு பொருளுக்கு அந்த நேரத்தில் நிலவும் விலை.

விலையின் கணக்கு

எடுத்துக்காட்டாக, ஒரு சண்டையில் முதலாமவருக்கு 1.40, இரண்டாமவருக்கு 3.00 என விகிதம் அறிவிக்கப்படுவதாகக் கொள்வோம். முதலாமவர் மீது 100 ரூபாய் கட்டி அவர் வென்றால், கட்டிய பணத்தையும் சேர்த்து 140 ரூபாய் திரும்பக் கிடைக்கும். இரண்டாமவர் வென்றால் 300 ரூபாய். அமெரிக்கத் தளங்களில் இதே விலை -250, +200 என எழுதப்படும். கழித்தல் குறி இருந்தால், 100 டாலர் ஈட்டுவதற்குக் கட்ட வேண்டிய தொகை அது. கூட்டல் குறி இருந்தால், 100 டாலர் கட்டினால் ஈட்டக்கூடிய தொகை அது.

விலைக்குள் ஒளிந்திருக்கும் வாய்ப்பைக் கண்டறிய, 1 என்ற எண்ணை அந்த விகிதத்தால் வகுத்தால் போதும். 1.40-க்கு 71.4 சதவீதம், 3.00-க்கு 33.3 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 104.7 வருகிறது. இருவரில் ஒருவர்தான் வெல்வார் எனும்போது மொத்தம் 100-ஐத் தாண்டக் கூடாது. தாண்டும் அந்தப் பகுதியே பந்தய நிறுவனத்தின் கூலி. இரு பக்கமும் பணம் சரியான விகிதத்தில் வந்து சேர்ந்தால், யார் வென்றாலும் நிறுவனத்துக்கு இழப்பில்லை.

எனவே 'யார் வெல்வார்' என்ற கேள்விக்குச் சரியாக விடையளிப்பது மட்டும் பந்தயத்தில் வெல்லப் போதாது. 1.40 விலையில் பத்து முறை கட்டி ஏழு முறை சரியாகக் கணித்தவரும் 1,000 ரூபாய்க்கு 980 ரூபாயே திரும்பப் பெறுவார். பத்தில் ஏழு என்பது விளையாட்டறிவில் நல்ல மதிப்பெண், பந்தயத்தில் நட்டம். தொடக்கநிலைக் கையேடுகள் பெரும்பாலும் வேகமாகக் கடந்து செல்லும் இடம் இது.

பல சண்டைகளின் முடிவுகளைக் கோத்து ஒரே சீட்டாகக் கட்டும் கூட்டுப் பந்தயத்தில் இந்தக் கூலி பெருகிக்கொண்டே போகிறது. மேற்கண்ட அளவில் ஒவ்வொரு சண்டைக்கும் கூலி பிடிக்கப்பட்டால், ஐந்து சண்டைகளைக் கோத்த 100 ரூபாய்ச் சீட்டின் உண்மை மதிப்பு ஏறத்தாழ 79 ரூபாய். சிறு தொகைக்குப் பெருந்தொகை என்ற விளம்பரம் பொய்யன்று. ஆனால் அந்த 21 ரூபாயைப் பற்றி விளம்பரம் பேசுவதில்லை.

வெற்றியாளரைத் தவிர வேறு பலவற்றின் மீதும் பந்தயம் கட்டப்படுகிறது. சண்டை நாக் அவுட்டில் முடியுமா, பிடியில் சிக்கிச் சரணடைவதில் முடியுமா, நடுவர்களின் மதிப்பெண்ணுக்குச் செல்லுமா, எந்தச் சுற்றில் முடியும், இரண்டரைச் சுற்றுகளைத் தாண்டுமா எனக் கேள்விகள் நீள்கின்றன. ஒரு சுற்று ஐந்து நிமிடம் என்பதால் இரண்டரைச் சுற்று என்பது மூன்றாம் சுற்றின் இரண்டரை நிமிடக் கோட்டைக் குறிக்கும். இந்தத் துணைப் பந்தயங்கள்தாம் பின்னர் பெரும் தொல்லையாக உருவெடுத்தன.

ஒரு உதை போதும்

பிற விளையாட்டுகளிலிருந்து எம்எம்ஏ வேறுபடும் முதற்காரணம், சுமார் 4 அவுன்ஸ் எடையுள்ள மெல்லிய கையுறை. குத்து, உதை, மல்லுப்பிடி, மூட்டுப்பூட்டு என முடிவுக்கு வழிகள் பல. 2022 ஆகஸ்ட் 20 அன்று சால்ட் லேக் சிட்டியில் கமாரு உஸ்மான், லியோன் எட்வர்ட்ஸுக்கு எதிரான பட்டப் போட்டியில் மூன்று நடுவர்களின் மதிப்பெண் அட்டையிலும் முன்னிலையில் இருந்தார். ஐந்தாம் சுற்று முடிய ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே எஞ்சியிருந்தபோது, எட்வர்ட்ஸின் இடது கால் உஸ்மானின் தலையில் இறங்கியது. பட்டம் கைமாறியது. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே கட்டப்படும் நேரலைப் பந்தயத்தில் அந்தக் கடைசி நிமிடத்துக்கு முன் உஸ்மான் மீது பணம் வைத்தவர்கள் பிழையாகச் சிந்தித்தார்கள் என்று யாரும் கூற முடியாது.

நடுவர்களும் கணிக்க இயலாதவர்கள். பூஜா தோமரின் அறிமுகச் சண்டையில் பிரேசிலின் ரயானே டோஸ் சான்டோஸ் எதிராளி. ஒரு நடுவர் மூன்று சுற்றுகளையும் பூஜாவுக்கே அளித்து 30-27 என்றார். மற்றொருவர் 29-28 எனப் பூஜாவின் பக்கம் நின்றார். மூன்றாமவர் மூன்று சுற்றுகளையும் டோஸ் சான்டோஸுக்கு அளித்து 27-30 என்றார். ஒரே பதினைந்து நிமிடத்தைக் கூண்டின் அருகிலேயே அமர்ந்து பார்த்த மூவரின் தீர்ப்பு இது.

வீரரின் கடந்தகாலச் சாதனையும் ஓரளவே உதவும். கிரிக்கெட் வீரர் ஓராண்டில் பல பத்து ஆட்டங்கள் ஆடுவார். எம்எம்ஏ வீரருக்கு இரண்டு, மூன்று சண்டைகள் அமைந்தாலே அதிகம். 2023 அக்டோபர் 21 அன்று அபுதாபியில் அன்ஷுல் ஜுப்லி களமிறங்கியபோது ஏழு சண்டைகளில் தோல்வியே காணாதவர். எதிராளி மைக் பிரீடன் யுஎஃப்சியில் ஆடிய மூன்றிலும் தோற்றவர். காகிதத்தைப் பார்த்தால் ஐயத்துக்கே இடமில்லை. மூன்றாம் சுற்றில் பிரீடன் நாக் அவுட்டில் வென்றார். ஏழுக்கு பூஜ்யம் என்ற கணக்கு எத்தகைய எதிராளிகளிடம் பெறப்பட்டது, மூன்று தோல்விகள் எத்தகையோரிடம் அடையப்பட்டன என்பதை அந்த எண்கள் கூறுவதில்லை.

இதனுடன் எடை குறைப்பும் சேர்ந்துகொள்கிறது. சண்டைக்கு முந்தைய நாள் எடை சரிபார்க்கப்படுவதால், வீரர்கள் உடலின் நீரை வற்றச் செய்து எடையைக் குறைத்துப் பின்னர் மீட்டெடுக்கின்றனர். 2022 செப்டம்பரில் கம்சாத் சிமாயெவ் 171 பவுண்டு வரம்புக்கு எதிராக 178.5 பவுண்டு காட்டியதால், அந்த நிகழ்வின் முக்கியச் சண்டைகள் மூன்றில் ஒரே நாளில் எதிராளிகள் மாற்றப்பட்டனர். வாரக்கணக்கில் ஒப்பிட்டு ஆராய்ந்த இரசிகரின் குறிப்பேடு அன்று மாலையே பயனற்றுப் போனது.

முழங்காலின் விலை

மேற்கூறியவை அனைத்தும் விளையாட்டின் இயல்பான நிச்சயமின்மை. விலை அவற்றையும் உள்ளடக்கியே அமைகிறது. புதியவரை உண்மையில் தோற்கடிப்பது வேறொன்று. தனக்குத் தெரியாத செய்தி மற்றொருவருக்குத் தெரிந்திருப்பதே அது.

லாஸ் வேகாஸில் 2022 நவம்பர் 5 அன்று டேரிக் மின்னர், சீனாவின் ஷாயிலான் நூர்தான்பியெக்கை எதிர்கொண்டார். அதிகம் பேசப்படாத, முகப்புச் செய்திக்கு வாய்ப்பில்லாத சண்டை. ஆனால் தொடங்குவதற்கு முந்தைய சில மணி நேரங்களில், நூர்தான்பியெக் முதல் சுற்றிலேயே நாக் அவுட்டில் வெல்வார் என்றும், சண்டை இரண்டரைச் சுற்றைத் தாண்டாது என்றும் பணம் குவிந்தது. மணி ஒலித்தது. மின்னர் இடது காலால் ஓர் உதை விட்டார். வலியில் முகம் சுருங்கியது. 67 வினாடிகளில் சண்டை முடிந்தது.

மின்னரின் பயிற்சியாளர் ஜேம்ஸ் கிராஸ் முன்னாள் யுஎஃப்சி வீரர். பந்தயக் குறிப்புகளைக் கட்டணத்துக்கு வழங்கும் இணையக் குழுவையும் அவர் நடத்தி வந்தார். எம்எம்ஏ பந்தயத்தில் தாம் ஈட்டும் பணம் மற்ற எதிலும் ஈட்டுவதை விட அதிகம் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் நேர்காணலொன்றில் வெளிப்படையாகவே கூறியிருந்தார். வீரர்கள் யுஎஃப்சி சண்டைகள் மீது பந்தயம் கட்டக் கூடாது என்ற விதி 2022 அக்டோபரில்தான் அவர்களுக்கு அறிவிக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. அதாவது, 1993-இல் தொடங்கிய நிறுவனம் இந்தத் தடையை எழுத ஏறத்தாழ 29 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

நெவாடா தடகள ஆணையம் மின்னர், கிராஸ் இருவரின் உரிமங்களையும் இடைநிறுத்தியது. ஏற்கெனவே இருந்த காயத்தை மின்னர் மருத்துவப் படிவத்தில் மறைத்தார் என்பது ஆணையத்தின் புகார். யுஎஃப்சி மின்னரை விடுவித்ததோடு, கிராஸிடம் தொடர்ந்து பயிற்சி பெறும் எவரும் தனது போட்டிகளில் பங்கேற்க இயலாது என அறிவித்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் ஒருபடி மேலே சென்று, டிசம்பர் 1 முதல் யுஎஃப்சி பந்தயங்களையே நிறுத்தி வைத்தது. விதிகள் திருத்தப்பட்ட பின்னர் 2023 ஜனவரியில்தான் அனுமதி மீண்டது.

இவ்வளவுக்கும் மையம் ஒருவரின் கால். பயிற்சிக் கூடத்தில் அதைப் பார்த்தவர் பத்துப் பேர் இருக்கலாம். சண்டை நுட்பத்தில் முனைவர் பட்டம் பெற்றிருந்தாலும் பதினோராவது ஆளுக்கு அது தெரியப்போவதில்லை. குழு விளையாட்டில் ஒருவர் காயமுற்றால் மாற்று ஆள் வருவார், பத்திரிகையாளர் கேட்பார். எம்எம்ஏவில் காயத்தை மறைப்பதே வீரரின் நலன். வெளியே சொன்னால் சண்டை போகும். சண்டை போனால் ஊதியம் போகும்.

அந்த ஊதியமும் பேசப்பட வேண்டியதே. யுஎஃப்சி வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே வீரர்களைச் சேர்கிறது என்பது அமெரிக்க நீதிமன்றத்தில் முன்னாள் வீரர்கள் தொடுத்த ஏகபோக எதிர்ப்பு வழக்கின் வாதம். அவ்வழக்கு 37.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்து, 2025 பிப்ரவரியில் இறுதி ஒப்புதல் பெற்றது. அதே காலகட்டத்தில், 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத் தடையை நீக்கியதன் பின்விளைவாக, பந்தய நிறுவனங்கள் விளையாட்டு அமைப்புகளின் விளம்பரக் கூட்டாளிகளாகின. 2021-இல் டிராஃப்ட்கிங்ஸ் யுஎஃப்சியின் அதிகாரபூர்வப் பந்தயக் கூட்டாளியானது. கீழ்நிலை வீரர் ஒருவரின் சண்டைக் கூலியைப் போல் பல மடங்கு தொகை அவருடைய முதல் சுற்றின் மீதே கட்டப்படும் சூழலில், சலனம் எந்தத் திசையிலிருந்து வரும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

முழு ஆட்டத்தையும் விற்க வேண்டியதில்லை, ஒரு சிறு பகுதி போதும் என்பதை இந்திய வாசகருக்கு விளக்க வேண்டிய தேவையில்லை. 2013 ஐபிஎல் சர்ச்சையும், 2015-இல் இரு அணிகள் ஈராண்டு இடைநீக்கம் செய்யப்பட்டதும் இன்னும் நினைவில் உள்ளவை.

இந்தியச் சட்டம் எங்கே நிற்கிறது?

நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பழைய வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் அனைத்து இணைய ஆட்டங்களையும் இச்சட்டம் தடை செய்கிறது. அவற்றை வழங்குவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்வோருக்கு ஈராண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆடுபவர் இச்சட்டத்தின் கீழ் குற்றவாளியாகக் கருதப்படவில்லை. அவரைப் பாதிக்கப்பட்டவராகவே அரசு காண்கிறது.

ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு என்ன வழி என்ற கேள்வி எஞ்சுகிறது. டல்கேரியன் சண்டைக்குப் பின், உரிமம் பெற்ற அமெரிக்க நிறுவனமான சீசர்ஸ் அவர் மீது கட்டப்பட்ட பணத்தைத் திருப்பியளித்தது. சந்தேகத்துக்குரிய பணப் பாய்ச்சலைக் கண்காணிக்கத் தனி அமைப்பு இருந்தது. தகவல் கேட்கக் கட்டுப்பாட்டு ஆணையம் இருந்தது. கடல் கடந்த தீவொன்றில் பதிவு செய்யப்பட்ட தளத்தில், இடைத்தரகர் வழியாகப் பணம் செலுத்திய இந்தியருக்கு இவற்றில் எதுவும் இல்லை. வென்றாலும் கணக்கு முடக்கப்படலாம்; தோற்றது மோசடிச் சண்டையில் என்று பின்னர் தெரிந்தாலும் கேட்க ஆளில்லை. காவல் நிலையம் சென்றால் முதற்கேள்வி அவரை நோக்கியே எழும்.

தடையே தவறு என்பது இதன் பொருளன்று. 2018-இல் மத்திய சட்ட ஆணையம் தனது 276-ஆவது அறிக்கையில், முழுத் தடையை நடைமுறைப்படுத்த இயலாவிடில் கடும் கட்டுப்பாடுகளுடன் ஒழுங்குபடுத்தலாம் என்று கூறியது. அரசு தேர்ந்தது தடையை. அமெரிக்க அனுபவத்தைப் பார்க்கையில் ஒழுங்குமுறை இருந்தும் மோசடி நின்றபாடில்லை என்பதும் உண்மையே. எனினும் தடைக்குப் பின்னரும் வெளிநாட்டுத் தளங்களின் விளம்பரங்கள் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் தொடர்ந்து உலவுகின்றன. அவற்றில் தோன்றிய முன்னாள் கிரிக்கெட் வீரர்கள் சிலரை அமலாக்கத் துறை அழைத்து விசாரிக்கும் நிலை ஏற்பட்டது.

இச்சட்டத்தை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் தாக்கலான மனுக்களை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. நிறுவனங்களின் தொழில் உரிமை, திறமை ஆட்டங்களுக்கு இதுவரை இருந்த பாதுகாப்பு, மத்திய அரசின் சட்டமியற்றும் அதிகார வரம்பு ஆகியவையே மனுதாரர்களின் முதன்மை வாதங்கள். பணத்தை இழந்த பதினோராவது ஆள் எங்கே முறையிடுவது என்ற கேள்வி அந்த வாதங்களின் மையத்தில் இல்லை.